சும்மா விட்டால் திறக்கும் வால்வு

டீயில் சர்க்கரை தூக்கல் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் மேடம் பிரியமாக வாங்கிக் கொடுத்தது, அதனால் சொல்லவில்லை.

அம்பத்தூரில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். உடம்பில் பொருத்தி மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும், முடியளவு குழாய்கள் ஓடும் சிப்புகளுக்கு வால்வு தேர்ந்தெடுப்பேன். எந்த வால்வானாலும் முதலில் கேட்பது, மின்சாரம் இல்லாமல் சும்மா விட்டால் அது என்ன செய்யும் என்பதுதான். ஒரு வகை மூடிக்கொள்ளும். ஆபத்தில்லை, ஆனால் அதன் ரப்பர் சவ்வு ஒட்டிக்கொண்டு மருந்தை நிறுத்திவிடும். இன்னொரு வகை திறந்துகொள்ளும். ஒட்டாது, சீராக ஓடும். பேட்டரி தீர்ந்தால் மட்டும் மருந்து மொத்தமும் இறங்கிவிடும். மனித உடம்பில் அதை யாரும் வைப்பதில்லை.

பட்டாபிராம் வீட்டில் என் மாமியார் ஜெகதாம்பாளுக்கு எலும்பில் புற்றுநோய். வலி மருந்துக்கு முதல் வகையைத்தான் பொருத்தினேன். அது ஒட்டிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க அலறினார். மறுநாள் மாற்றினேன்.

"இன்னா கலை, புச்சா கீது?"

"இது ஒட்டாது அத்தை."

"சும்மா வுட்டா இன்னா பண்ணும்?" என் வேலைப் பேச்சு அவருக்கும் பழகியிருந்தது.

"திறந்துக்கும்."

"உங்க மாமா வாயாட்டம்னு சொல்லு."

இருவரும் சிரித்தோம். வலி குறைந்ததும் தீபாவளிக்குப் பச்சையில் ஒரு புடவை எடுக்கச் சொன்னார். சரி என்றேன்.

அடுத்த நாள் காலை மருந்து மிஷினின் சார்ஜரைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன், லேப்டாப்புக்கு வேண்டுமே என்று. என் லேப்டாப்புக்கு அது பொருந்தாது. பிறகு வேலைக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"கலை, மிஷின்ல லைட்டு அணைஞ்சிச்சு பாரு."

"சும்மா இருங்க அத்தை," என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வலியே இல்லாமல் போனார். நல்லதுதான் செய்தேன்.

அந்த வால்வு திறக்கும்போது சத்தம் வராது. ஆனாலும் எனக்குக் கேட்கிறது. குளிக்கும்போது, ரயிலில், இப்போது இந்த மேஜைக்கு அடியில். அதற்குப் பின்னால் அவர் குரலும். லைட்டைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

என் கணவர் தமிழரசு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் பேசியதை முழுக்கக் கேட்டும், விபத்து என்றே நம்பப் பார்க்கிறார்.

"மிஷின் ரிப்பேர்னு ஒரு வார்த்த சொல்லு கலை. ஊட்டுக்குப் போயிரலாம்."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரிப்பேர் இல்லைங்க," என்றேன். "நான் தேர்ந்தெடுத்ததிலேயே நல்ல வால்வு அதுதான்."