ஏன் எங்கள் கம்பெனி?

வேட்: சாவியக் குடுறா. நான் ஓட்டுறேன்.

கர்ட்டிஸ்: பேசாம ஏறு.

வேட்: என் வண்டிடா இது.

கர்ட்டிஸ்: உன் வண்டிதான், யாரு இல்லைன்னா? மெம்பிஸ் வரைக்கும் மூணு மணி நேரம் ஸ்டீரிங் பிடிச்சா புதுக் கோட்டு கசங்கிப் போயிரும். ஷெல்பி விடிகாலையில எழுந்து தேச்சிருக்கா.

வேட்: உன் கோட்டு மட்டும் கசங்காதாக்கும்?

கர்ட்டிஸ்: இது என் மாமனார் அடக்கத்துக்கு வாங்கினது. இதுக்கு மேல கசங்க இதுல இடமில்ல.

வேட்: சாவி எப்படி உன் கைக்கு வந்துச்சு? ஆணியிலதானே மாட்டியிருந்தேன்...

கர்ட்டிஸ்: ஷெல்பி குடுத்தா. ஏறுடா, மணி ஒன்பதாகுது. ரெண்டு மணிக்கு இன்டர்வியூ.

வேட்: என் பொண்டாட்டியும் என் சிநேகிதனும் ஒண்ணு சேந்துக்கிட்டு... சரி, மொறைக்காத. ஏறிட்டேன். ஓட்டு.

கர்ட்டிஸ்: அந்தச் சீட்டுங்கள எடு.

வேட்: எந்தச் சீட்டு?

கர்ட்டிஸ்: ஷெல்பி எழுதிக் குடுத்தாளே, இன்டர்வியூல என்னென்ன கேப்பாங்கன்னு. நீயே எடு, நீயே படி, நீயே பதில் சொல்லு. நான்தான் ஹெரான் ஏர் கம்பெனி.

வேட்: மூஞ்சியப் பாரு, கம்பெனியாம். ம்... "முதல் கேள்வி. நீங்கள் ஏன் எங்கள் கம்பெனியில் சேர விரும்புகிறீர்கள்?" ஏன்னா உங்க விமானத்து வாலுல ஒரு நாரை வரைஞ்சிருக்கு. பாக்க அம்சமா இருக்கு.

கர்ட்டிஸ்: ஒழுங்கா சொல்றா.

வேட்: சின்னச் சின்ன ஊருங்களப் பெரிய ஊரோட சேத்து வைக்கிற உங்க சேவை என் மனச உருக்கிடுச்சுங்க ஐயா. வாழ்நாள் பூரா உங்க கூடவே...

கர்ட்டிஸ்: அங்கயே நிறுத்து. வாழ்நாள் பூரான்னா சிரிச்சிருவாங்க. ராணுவத்துல ஹெலிகாப்டர் ஓட்டினவன் எதுக்கு வர்றான்னு அவங்களுக்குத் தெரியாதா? ஏணி மாதிரி ஏறி மிதிச்சிட்டுப் பெரிய கம்பெனிக்குப் போறதுக்கு.

வேட்: அப்ப உண்மையச் சொல்லிரட்டுமா? 'பதினஞ்சு வருஷம் ஹெலிகாப்டர் ஓட்டியாச்சு. றெக்கை வெச்ச விமானம் ஓட்டின நேரம்தான் கம்மி. உங்ககிட்ட ரெண்டு வருஷம் ஓட்டி அதைத் தேத்திக்கிட்டுக் கிளம்பிருவோம்'னு?

கர்ட்டிஸ்: பொய்யும் வேணாம், உண்மையும் வேணாம். ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது சொல்லு.

வேட்: விசாரணைக் கமிட்டி முன்னாடி நின்னு பேசற மாதிரி.

கர்ட்டிஸ்: அதை விடு. முன்னால ஒரு லாரி. தாண்டிக்கிறேன்.

வேட்: அடுத்த சீட்டு. "உங்களுடைய பலவீனம் என்ன?" கர்ட்டிஸ்னு ஒருத்தன். எங்க போனாலும் கூட வந்து தொலைக்கிறான்.

கர்ட்டிஸ்: நானா உன் கூட வரேன்? நீதான்டா என் வாலப் பிடிச்சிட்டு வர்ற. நெஜமாவே கேக்கறேன், அந்த நாஷ்வில் கம்பெனிக்காரன் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை தர்றேன்னான். வீட்டுல இருந்து ஒரு மணி நேரம். உன் கட்டில்ல படுக்கலாம், உன் பொண்ணு ஜோசியை ஸ்கூல்ல விடலாம். ஹெரான்ல சேந்தா டெட்ராய்ட்ல போய்க் கிடக்கணும். அடுக்குக் கட்டிலு, ஆறு தடியனுக்கு ஒரு குளியலறை. ஏன்டா இங்க வர்ற?

வேட்: அங்க கேப்டன் ஆக அஞ்சு வருஷம் ஆகும். இங்க ரெண்டே வருஷம்.

கர்ட்டிஸ்: உனக்கு எப்படா கேப்டன் ஆசை வந்துச்சு?

வேட்: எனக்கில்ல. உனக்கு.

கர்ட்டிஸ்: எனக்கா!

வேட்: நீதான் எனக்கு முன்னாடி மனு போட்ட. சீனியாரிட்டி லிஸ்ட்ல உன் பேருதான் மேல இருக்கும். சீக்கிரமா கேப்டன் உக்கார்ற இடது சீட்டுக்கு ஏறிரு. நான் வலது பக்கம் உக்காந்து ரேடியோ பேசிக்கிட்டு வர்றேன், பழையபடி.

கர்ட்டிஸ்: அது வரைக்கும் ரெண்டு பேரும் துணை பைலட்டு, வலது சீட்டுதான். ஒரே விமானத்துல சேந்து ஏறவே முடியாது. அது தெரியுமில்ல?

வேட்: தெரியும், தெரியும். ரெண்டு வருஷந்தானே... அந்தக் காப்பிய இப்படிக் குடு, ஆறிப் போகுது.

கர்ட்டிஸ்: பாத்துப் பிடி.

வேட்: ஜோசி நேத்து என்ன கேட்டா தெரியுமா? கோட்டுக் கையில தங்கக் கோடு போட்டிருப்பாங்களே, உனக்கு எத்தன கோடுப்பான்னு. மூணும்மான்னேன். 'மூணுதானா'ன்னு உதட்டப் பிதுக்கிட்டுப் போயிட்டா.

கர்ட்டிஸ்: அவ அம்மா மாதிரி.

வேட்: அதான். அப்புறம் அந்த நாஷ்வில் கம்பெனில இன்னொரு தொல்லை இருக்கு. அவங்க அட்டவணை...

கர்ட்டிஸ்: அட்டவணைக்கு என்ன?

வேட்: ...

கர்ட்டிஸ்: வேட்.

வேட்: ...

கர்ட்டிஸ்: வேட்... டேய், காப்பி. காப்பி கொட்டுதுடா, கப்ப நிமித்து. சரி... சரி, இரு. ஓரங்கட்டிட்டேன். இங்கதான்டா இருக்கேன். எங்கயும் போகல.

வேட்: ...

கர்ட்டிஸ்: பத்து... பதினொண்ணு... பன்னெண்டு...

வேட்: ...மாசத்துக்கு ஒரு தரம் மாறும். ஷெல்பிக்கு அது ஒத்தே வராது. ஏன் வண்டிய நிறுத்திட்ட?

கர்ட்டிஸ்: சும்மாதான்.

வேட்: அய்யய்யோ, சட்டை! ஒரு கப்பு காப்பியும் சட்டையில இருக்கு. எப்படிடா கொட்டுச்சு?

கர்ட்டிஸ்: ரோட்டுல ஒரு குழி. நான் கவனிக்கல. என் தப்புதான்.

வேட்: குழியா...

கர்ட்டிஸ்: ஆமா, பெரிய குழி. ஜாக்சன் வந்திருச்சு பாரு, அந்தப் பெட்ரோல் பங்க்ல கழுவிக்கலாம்.

வேட்: வெள்ளச் சட்டைடா... ஷெல்பி கேட்டா என்ன சொல்றது?

கர்ட்டிஸ்: எறங்கு. தண்ணியில நனைச்சு ஒத்தி எடு, தேய்க்காத. தேச்சா பரவும்.

வேட்: நீ வண்ணானாப் பொறந்திருக்கணும்... இந்த டைய்யப் பிடி. போச்சா?

கர்ட்டிஸ்: கொஞ்சம் போயிருக்கு.

வேட்: டைய்யால மறைச்சிரலாம். கோட்டுப் பொத்தானப் போட்டுட்டா ஒரு பயலுக்கும் தெரியாது. வா, நேரமாகுது. வண்டிய எடு.

கர்ட்டிஸ்: உக்காரு. எடுக்கலாம்.

வேட்: எடேன்.

கர்ட்டிஸ்: இப்பெல்லாம் எத்தன தரம் வருது?

வேட்: எது?

கர்ட்டிஸ்: நீ காணாம போறது.

வேட்: குழின்னு சொன்ன?

கர்ட்டிஸ்: சொன்னேன்.

வேட்: இந்த ரோடு போட்டே ஒரு வருஷம் ஆகல. இதுல ஏதுடா குழி?

கர்ட்டிஸ்: எத்தன தரம் வேட்?

வேட்: ...மாசத்துக்கு ரெண்டு. ஷெல்பி மூணுங்கறா. அவ காலண்டர்ல புள்ளி வெக்கிறா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு.

கர்ட்டிஸ்: ராணுவப் பென்ஷன் பாரத்துல இதை எழுதினியா?

வேட்: எழுதினேன். தலையில அடிபட்டதுல இருந்து அப்பப்ப நெனவு தப்புதுன்னு. அவங்களும் சரின்னு முத்திரை குத்திட்டாங்க.

கர்ட்டிஸ்: விமானம் ஓட்டத் தகுதி குடுக்கற டாக்டர் பாரத்துல?

வேட்: 'அப்படி எதுவும் இல்லை.'

கர்ட்டிஸ்: ஒரே பேனாவா?

வேட்: ஒரே வாரம். பேனா ஞாபகமில்ல.

கர்ட்டிஸ்: சிரிக்காதடா.

வேட்: வேற என்ன பண்ணச் சொல்ற? பத்தொன்பது வயசுல இந்த வேலைக்கு வந்தேன். எனக்கு வேற என்னடா தெரியும்? கடை வாசல்ல நின்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் கும்பிடு போடட்டுமா? விடு. மாத்திரை சாப்பிடறேன், கொறைஞ்சிரும். இந்தா, ஒரு சீட்டு பாக்கி இருக்கு. இது உனக்கு. நீயும்தானே உள்ள போற?

கர்ட்டிஸ்: எனக்கு வேணாம்.

வேட்: கம்பெனி இப்ப நான். ஒழுங்கா உக்காரு. "உங்களுடன் பணிபுரியும் ஒருவரைப் பற்றி மேலிடத்தில் புகார் செய்ய நேர்ந்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்." அடடா! உனக்குன்னே வந்திருக்கு பாரு. ஒரு கொசுவக்கூடக் காட்டிக் குடுக்க மாட்ட நீ. என்ன கதை கட்டி வெச்சிருக்க?

கர்ட்டிஸ்: வேற சீட்டு எடு.

வேட்: ம்ஹும். சொல்லுங்க ஐயா, காத்திருக்கோம்.

கர்ட்டிஸ்: ...என் கூட ஒருத்தன் ஹெலிகாப்டர் ஓட்டினான்.

வேட்: நல்லவரா?

கர்ட்டிஸ்: என் கூடப் பொறந்தவன்கூட என்கிட்ட அப்படி இருந்ததில்ல.

வேட்: போச்சுடா, அழ வெச்சே வேலைய வாங்கிருவ போலிருக்கே. ம், அப்புறம்?

கர்ட்டிஸ்: அவனுக்குத் தலையில அடிபட்டுக் கொஞ்ச நாள் கழிச்சு, ஒரு நாள் எறக்கிட்டிருந்தோம். ஹெலிகாப்டர ஓட்டுற ஸ்டிக் அவன் கையில. தரை இன்னும் நாப்பது அடி. கண்ணு தொறந்திருக்கு, ஆளு இல்ல. கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். அப்புறந்தான் ஸ்டிக்கைப் பிடுங்கினேன். முதல் தடவையே பிடுங்கியிருக்கணும். பின்னால உக்காந்திருந்த சார்ஜென்ட்டுக்கு இடது கால் போச்சு.

வேட்: கர்ட்டிஸ்...

கர்ட்டிஸ்: விசாரணையில கேட்டாங்க. தூசி கெளம்பிருச்சு, தரையே தெரியலன்னு சொன்னேன். சத்தியம் பண்ணிச் சொன்னேன்.

வேட்: தூசிதானேடா அன்னைக்கு...

கர்ட்டிஸ்: முந்தின நாள் பூரா மழை வேட். ஏது தூசி? போன மாசம் அந்த சார்ஜென்ட் ஓர்ட்டிஸைக் கடையில பாத்தேன். செயற்கைக் கால் வெச்சு நல்லா நடக்கறான். என் தோள்ல தட்டி, 'எனக்கு யாரு மேலயும் வருத்தமில்ல சார், தூசி மேல கோவப்பட்டு என்ன பண்றது'ன்னான். கையில இருந்த சாமானை அப்படியே போட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

வேட்: அப்புறம்?

கர்ட்டிஸ்: போன வியாழக்கிழமை விமானம் ஓட்டத் தகுதி குடுக்கற அந்த டாக்டர்கிட்டப் போனேன். எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தேன். தூசியையும் சேத்து. இன்னைக்குத் தபால்ல உனக்குக் கடிதம் வரும். நீ இனிமே பறக்க முடியாதுடா.

வேட்: எறங்கு.

கர்ட்டிஸ்: வேட்...

வேட்: என் வண்டிய விட்டு எறங்குடா! எம் பொண்ணு கோடு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா. என் வயித்துல அடிச்சிட்டு என் பக்கத்துலயே உக்காந்து என் சட்டையத் துடைக்கிறியா நீ?

கர்ட்டிஸ்: திட்டு. இன்னும் திட்டு.

வேட்: கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?

கர்ட்டிஸ்: வாய் வரல. ஒவ்வொரு பாலம் வரும்போதும், இதைத் தாண்டினதும் சொல்லிரணும்னு நெனச்சேன். ஆறு பாலம் தாண்டிட்டேன்.

வேட்: போ. நீ மட்டும் உள்ள போய் வேலைய வாங்கிக்க. நல்லா இரு.

கர்ட்டிஸ்: நான் போகல.

வேட்: என்ன?

கர்ட்டிஸ்: சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவன எவன் எடுப்பான்? செவ்வாய்க்கிழமையே வர முடியாதுன்னு அவங்களுக்கு எழுதிட்டேன்.

வேட்: பின்ன எதுக்குடா டை கட்டிக்கிட்டு வந்த?

கர்ட்டிஸ்: நான் வரலைன்னா நீ தனியா ஓட்டியிருப்ப. மூணு மணி நேரம். ஷெல்பிக்கும் அதே பயம். மத்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

வேட்: ...தூசி இல்லைன்னு எனக்குத் தெரியும்.

கர்ட்டிஸ்: என்ன சொல்ற?

வேட்: ஆஸ்பத்திரியில என் பூட்ஸக் கழட்டினாங்க. கணுக்கால் வரைக்கும் சேறு. அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். கதவுக்கு வெளிய நீ தூசி, தூசின்னு சொல்லிக்கிட்டிருந்த.

கர்ட்டிஸ்: தெரிஞ்சுமா... இத்தன வருஷமாத் தெரிஞ்சுமா வாயத் தொறக்கல? தெரிஞ்சுமாடா எழுபது பேரப் பின்னால உக்கார வெச்சு ஓட்டப் பாத்த?

வேட்: அதனாலதான் நாஷ்வில்லுக்குப் போகல.

கர்ட்டிஸ்: புரியல. வீட்டு வாசல்ல வந்த வேலைய விட்டுட்டு... ஏன்டா இந்தக் கம்பெனி? இப்பவாவது சொல்லு.

வேட்: நான் காணாம போகும்போது ஏன்னு ஒரு வார்த்த கேக்காம ஸ்டிக்கைப் பிடுங்கறவன் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான்டா. அவன் இங்க சேரப் போறேன்னான். ரெண்டு வருஷத்துல எப்படியும் அவன் பக்கத்துல போய் உக்காந்துரலாம்னு நெனச்சேன்.