பதினோரு தட்டு

...நீயே சொல்லு நேத்ராம்மா, பருப்பு டப்பா எடுக்கறதுக்கு ஒரு மனுஷி டோக்கன் மாட்டணுமா? ஆமா, ஆணியில. ஃபேக்டரில ஸ்பேனர் வாங்கினா பித்தளை டோக்கன் மாட்டிட்டு வாங்குவாங்களாம். எங்க வீட்டுக்காரரு டூல் ரூம்ல ரிட்டையரானவரு இல்ல, இப்ப சமையக்கட்டுதான் டூல் ரூமு. எனக்கு மூணு டோக்கன். முந்தாநேத்து ரசம் கொதிக்குது, பெருங்காயம் வேணும். மூணும் கடுகு, உப்பு, பருப்புல மாட்டிக்கினு கீது. பேப்பர் படிச்சிக்கினே சொல்றாரு, "சரோஜா, மொதல்ல ஒரு டப்பாவ சரண்டர் பண்ணு"ன்னு.

இன்னாம்மா நின்னுக்கினு கீற, உக்காரு. உன் வீடுதான்.

இன்னாத்துக்கு வந்தேன்னா... நாளைக்கிப் பூதிகோட்டையில எங்க பையன் விநாயக்குக்குப் பொண்ணு வீட்ல பூ வெக்கறோம். பதினோரு தட்டு வரிசை போவணும். பழம், பொடவை, சக்கரை எல்லாம் வாங்கியாச்சி. வெக்கறதுக்கு வீட்ல மூணு தட்டுதான் கீது. இந்த லைன்ல ஒரு வீட்டு விசேஷம்னா பத்து வீட்டுத் தட்டு போவும், அதான் வழக்கம். கங்கம்மாவக் கேட்டா, "குடுத்தா நம்பர் போடாம வருமா?"ங்கறா. பிலோமினா சன்னல்ல நின்னுக்கினே வீட்ல ஆள் இல்லன்னுட்டா.

நம்பரா? அது ஒண்ணுமில்லம்மா. எவர்சில்வர்ல எழுத்து வெட்டற மிஷினு ஒண்ணு வாங்கியாந்தாரு. ஊர்ல பேரு வெட்டுவாங்க. இவரு ஃபேக்டரில தனக்குக் குடுத்த நம்பர வெட்டறாரு, நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. டப்பா, மூடி, கரண்டி, ஒண்ணு விடல. மொறத்துக்குப் பெயிண்டு. கங்கம்மா வீட்டுத் தூக்கும், பிலோமினா கிறிஸ்மஸுக்கு கேக் வெச்சி அனுப்பின கூடையும் நம்ம வீட்லதான் கெடந்துது. காலியா எப்பிடித் திருப்பறது? எதனா செஞ்சி வெச்சிக் குடுக்கலாம்னு இருந்தன். மூணு வருஷமா இருந்தன். அதுலயும் நம்பர் விழுந்துடுச்சி. கங்கம்மா வந்து தூக்கக் கேக்கறா, இவரு கண்ணாடியப் போட்டு அடியத் திருப்பிப் பாக்கறாரு. நம்பர் நம்மளுது, டோக்கன் மாட்டிட்டு எடுத்துக்கோன்றாரு. அவ தூக்குக்கு அவளே.

பாவம், எது யாருதுன்னு அவருக்கு இன்னா தெரியும். வீட்ல கெடக்கற எல்லாத்துக்கும் போடுங்கன்னு நான்தான் சொன்னன்... சொன்னன்தான். நாளெல்லாம் எதிர்ல உக்காந்துக்கினு என் மூஞ்சியவே பாத்தா வேற இன்னா பண்றது?

சரி விடு. உன்கிட்ட மூங்கில் தட்டு புதுசா கீதாமே, கவர்கூடப் பிரிக்கலன்னு விநாயக் சொன்னான். பதினொண்ணு வேணாம், எட்டு குடு. நான் காலியா வரல பாரு. போன வாரம் பாயசம் குடுத்த உன் டப்பா, சக்கரை போட்டு எடுத்தாந்துகீறன். இந்தா. அடியில இன்னா பாக்கற, நேரா புடி, கொட்டிடும்...

ஆமா. அதுலயும்தான்.

உள்ள போறியா? போ போ, மெதுவா எடுத்துக்கினு வா, நான் நிக்கறன்.

அடடா, எட்டும் எடுத்தாந்துட்டியா, நல்லா இருப்பம்மா. குடு... குடும்மா. தட்ட அக்குள்ல வெச்சிக்கினு வெறுங்கைய நீட்டறியே, இன்னா?

டோக்கனா?

தட்டுக்கு ஒண்ணா? மூணுதானம்மா கீது என்கிட்ட... சரி, அங்கியே நில்லு. கடுகையும் உப்பையும் பருப்பையும் சரண்டர் பண்ணிட்டு ஓடியாறன்.