நூற்று மூன்று டெசிபல்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் எத்தனை வாட்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். அது தப்பு, மேடம். நூறு வாட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அந்த ஸ்பீக்கர் நூறு வாட்ஸைக் கருகாமல் தாங்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். எவ்வளவு சத்தம் போடும் என்பது வேறு எண். அதைப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன்.

இதை ஏன் உங்களிடம் வந்து சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். பெட்டிஷனா, எஃப்.ஐ.ஆரா என்று உங்கள் ரைட்டர் மூன்று தடவை கேட்டுவிட்டார். நான் ஒரு குற்றம் செய்திருக்கிறேன். அதற்கு என்ன செக்‌ஷன் என்று எனக்குத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே பார்த்துப் போடுங்கள்.

என் பெயர் அன்புச்செல்வன். கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கரும்பு இருக்கிறது. கரும்பு என்னைக் கேட்காமலே வளர்வதால் நான் மெல்லிசைக் குழு நடத்துகிறேன். சவுண்ட் சர்வீஸும் என்னுடையதுதான். குழுவின் முதல் பாடகனும் நான். சொந்தக் குழுவில் எவன் இரண்டாவது பாடகனாக இருப்பான்? கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை உச்சி வரைக்கும் எங்கே கூழ் ஊற்றினாலும் எங்கள் பெட்டிகள் போய் இறங்கும். நாங்கள் பாடத் தொடங்கியதும் சில சாமிகள் ஊரைக் காலி செய்துவிட்டதாகச் சொல்வார்கள். அதற்குச் சாட்சி கிடையாது.

எங்கள் கிதார்காரன் பகலவன். அவன் அம்மா பெரியம்மாள் எங்கள் வயலில் கரும்பு வெட்டியவர். அதெல்லாம் நான் மனதில் வைக்கிற ஆள் இல்லை. இல்லை என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

பகலவனின் காது ஒரு தனிப்பிறவி. டவுன் பஸ் ஹார்ன் எத்தனை கட்டை சுருதியில் அடிக்கிறது என்று சொல்வான். ஒருமுறை பாட்டுக்கு நடுவில் என்னிடம் வந்து, "அண்ணே, ஜெனரேட்டர் கொஞ்சம் எறங்கிக்கினு வருது, டீசல் பாக்கச் சொல்லுங்க" என்றான். போய்ப் பார்த்தால் டேங்கின் அடியில் ஒரு டம்ளர் டீசல் கிடந்தது.

என் குரலுக்கு ஒரு சின்னப் பழக்கம் உண்டு. மேலே ஏறும்போது கடைசிப் படியில் கால் வைக்காது. முக்கால்வாசி ஏறி அங்கேயே நின்றுவிடும். பதினெட்டு வருடமாக இது ஒருவருக்கும் தெரியாது, எனக்கும்தான். பகலவன் குழுவுக்கு வந்த பிறகு தெரிந்தது. அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டான். அந்த இடம் வரும்போது அவன் இடது கண் லேசாகச் சுருங்கும். ஒரு கண் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு பாடிப் பாருங்கள், மேடம்.

வடக்கனந்தலில் ஒரு திருவிழா. அன்றைக்கு நல்ல கூட்டம், நான் அபாரமாகப் பாடியதாக நினைத்தேன். விசில் பறந்தது. திரும்பும்போது வேனில் கீபோர்டு சுபாஷ் சிரித்துக்கொண்டே சொன்னான்: "இன்னிக்கு அண்ணன் பொயச்சாரு. ரெண்டாவது சரணத்துல பகலவன் கண்ண காட்டினான், நான் அரைக்கட்டை எறக்கிட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல."

சுபாஷுக்குக் காது கிடையாது. பகலவன் சொன்னால் பட்டனை அமுக்குவான். அதனால் அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பகலவன் தலையைக் குனிந்துகொண்டான். "வுடு சுபாஷு. அண்ணனுக்கு தொண்டை கட்டிக்கினு இருந்துச்சு" என்றான்.

என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஒருவன் என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஆயிரம் பேர் நடுவில், எனக்கே தெரியாமல், குழந்தைக்கு இடுப்பில் நழுவிய டவுசரைத் தூக்கிவிடுகிற மாதிரி என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அதை என்ன செய்வது?

அந்த மாதமே மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவில் வேன் ஒடித்துத் திரும்பியபோது மைக் ஸ்டாண்ட் சரிந்து, பகலவனின் ஆம்ப்ளிஃபையர் வலையைக் கிழித்து, ஸ்பீக்கரின் காகிதத்தைக் குத்திவிட்டது. அது விபத்துதான். அதை என் கணக்கில் எழுத வேண்டாம்.

பகலவன் என்னிடம் வந்தான். "நீங்களே பாத்து ஒண்ணு வாங்கியாந்துடுங்கண்ணே. பழசு மாதிரியே இருந்தா போதும். எனக்கு ஸ்பீக்கர் பத்தி இன்னா தெரியும்?"

மறுநாள் சென்னைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் பன்னிரண்டு அங்குலம், எட்டு ஓம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் தொண்ணூற்றாறு டெசிபல், பழையதற்கு ஏறக்குறைய சமம். மற்றதில் நூற்று மூன்று. வெறும் ஏழுதானே என்று தோன்றும். ஆம்ப்ளிஃபையரின் சக்தியை ஐந்து மடங்காக்கினால் எவ்வளவு சத்தம் கூடுமோ அவ்வளவு அந்த ஏழு. அதோடு அது கூர்மையான சத்தம். பக்கவாட்டில் நிற்பவருக்குச் சாதாரணமாகக் கேட்கும். நேர் எதிரே நின்றால் ஊசி.

கடைக்காரர் நூற்று மூன்றை நகர்த்தி வைத்தார். "சின்ன ஸ்டேஜுக்கு இது வேணாம் சார். முன்னாடி நிக்கிறவன் காது போயிடும்."

அவர் அப்படிச் சொல்லும்வரை நான் தொண்ணூற்றாறைத்தான் கையில் வைத்திருந்தேன். இது சத்தியம்.

ஸ்பீக்கரை நானே மாட்டிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுண்ணே" என்றான். பழகப் பழக மென்மையாகிவிடும் என்றேன். புது ஸ்பீக்கர் பழகும் என்பது உண்மை. அவ்வளவு பழகாது என்பதும் உண்மை. நான் முதல் உண்மையை மட்டும் சொன்னேன்.

அவன் வால்யூமைக் குறைத்துக்கொண்டால் போயிற்றே என்று கேட்பீர்கள். எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேடையில் என் பக்கத்தில் இருக்கிறது, மேடம். டிரம்ஸ் சத்தத்தை அவன் பக்கத்துப் பெட்டியில் கொஞ்சம் ஏற்றினால் அவனுக்குத் தன் கிதார் கேட்காது. அவன் தன் ஆம்பை ஏற்றுவான். அடுத்த நிகழ்ச்சியில் நான் இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். இரும்புக்கடையில் ஒரு ஸ்டாண்ட் செய்யச் சொல்லி, ஆம்பை அவன் பின்னால் தலை உயரத்துக்கு நிறுத்தினேன். இரண்டடி தூரம், இடது காதுக்கு நேராக. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டாண்டை வலது பக்கம் மாற்றி வைத்தேன். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று என் அப்பா நாராயணசாமி சொல்வார். அவர் உரம் போடுவதைப் பற்றிச் சொன்னார்.

ஆறேழு மாதத்தில் காதுக்குள் வண்டு கத்துகிறது என்றான். உளுந்தூர்பேட்டையில் யாரோ சொன்னார்கள் என்று ஆரஞ்சு நிறப் பஞ்சு மாதிரி ஒன்றை வாங்கிவந்து காதில் அடைத்துக்கொண்டு மேடையேறினான். அன்றைக்கு மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது. "பகலவா, அத வச்சிக்கினு வாசிச்சா சுருதி எப்படித் தெரியும்? ஒன் காதுதானே ஒனக்கு சோறு போடுது" என்றேன். உடனே எடுத்துவிட்டான். டாக்டரிடம் போகட்டுமா என்று கேட்டதற்கு, சூட்டினால் வருவது, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்றேன். ஒரு வருடம் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்தான். முடி நன்றாக வளர்ந்தது.

இரண்டாவது வருடம் அவன் கண் சுருங்குவது நின்றது.

நான் எவ்வளவு நிம்மதியாகப் பாடினேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. மேலே போகிற இடத்தில் கையை விரித்துக்கொண்டு பாடினேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் உண்மையாகவே கேட்கவில்லையா, மரியாதைக்காக மறைக்கிறானா என்று ஒரு சந்தேகம். அவன் மரியாதை தெரிந்தவன், அதுதான் சிக்கல்.

போன ஆடியில் மறுபடி மலைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். பகலவன் தன் மகள் ஷாலினியைக் கூட்டி வந்திருந்தான். ஏழு வயது. மற்றவர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பண்ணைக்குட்டை, மழையில் நிறைந்து கிடந்தது. கரை முழுக்க வழவழப்பான தார்ப்பாய். குழந்தை சறுக்கி உள்ளே போய்விட்டாள். கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்று கத்தினாள்.

பகலவன் பத்தடி தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிதாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். நான் எவ்வளவு தூரத்தில் இருந்தேன் என்று கேட்கிறீர்கள். ஆறடி.

நான் குழந்தையைப் பார்க்கவில்லை. அவன் பின்மண்டையைப் பார்த்தேன். இரண்டாவது தடவை கத்தினாள், மூன்றாவது தடவை கத்தினாள். நல்ல குரல், அப்பனைப் போல சுருதி சுத்தம். அவன் தலை அசையவில்லை. ஐந்தாவது தடவை குழாய் கையை விட்டுப் போனது. ஏழு தடவை கூப்பிட்டாள். ஏழாவது தடவை வாயில் தண்ணீர் போய்விட்டதால் அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. ஆறு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பகலவன் கம்பியை முறுக்கி, ஒருதரம் மீட்டி, திருப்தியாகத் தலையாட்டினான். கம்பி கால் கட்டை இறங்கியிருந்தது. அப்புறம்தான் நான் குதித்தேன்.

பத்து நாள் கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இப்போது குளிக்கச் சொம்பை எடுத்தாலே அலறுகிறாளாம். அங்கேயே பகலவனின் காதையும் பார்த்தார்கள். குழந்தைகள் குரல், பறவைச் சத்தம், மணிச் சத்தம் மாதிரி உச்ச சுருதிச் சத்தமெல்லாம் போய்விட்டது, பேச்சும் பாதிதான் புரியும், இனி திரும்பாது என்றார் டாக்டர். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அதோடு நிறுத்தியிருக்கலாமாம். பகலவன் இப்போது வாசிப்பதில்லை. கரும்பு வெட்டப் போகிறான், எங்கள் வயலுக்குத்தான். வேலை கொடுத்தது நான்.

அவன் மனைவி அம்சவள்ளி வீட்டுக்கே வந்து என் காலில் விழுந்தாள். "எங்க குலசாமிண்ணே நீங்க. அவருக்குக் காது கேக்கல, நீங்க இல்லன்னா எம் பொண்ணு போயிருக்கும்" என்றாள். குலசாமி என்றால் ஆடு வெட்டுவார்கள். எனக்குச் சால்வை. போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வைத்து, ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் பேசி, போட்டோ எடுத்து, போர்த்தினார்கள். என் குணம் உங்களுக்குத் தெரியாது, மேடம். தகுதியில்லாத பாராட்டு என் உடம்புக்கு ஆகாது. அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். முன்வரிசையில் பகலவன், மடியில் ஷாலினி. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவனைச் சமையற்கட்டுப் பக்கம் கூட்டிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கர், ஸ்டாண்ட், எண்ணெய், குட்டை, ஒன்றையும் விடவில்லை. உள்ளே அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரே இரைச்சல். நான் குரலை உயர்த்தவில்லை. இந்த மாதிரி விஷயத்தைக் கத்திச் சொல்ல முடியாது.

அவன் என் உதட்டைப் பார்த்தபடி பொறுமையாகக் கேட்டான். முடித்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"இன்னாண்ணே இப்படிக் கேக்கறீங்க? சூப்பரா பாடினீங்க. மேல எங்கியும் எறங்கல."

என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கடைசி இடமும் சரியாக இருந்ததா என்று திரும்பக் கேட்டேன். சரியாக இருந்தது என்றான்.

மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். சுருதி விஷயத்தில் பகலவன் பொய் சொல்லமாட்டான், மேடம்.