கல்குவாரியில் எடுத்த படம்

வெள்ளைக் கல்லைப் படம் எடுப்பது எல்லாருக்கும் கைவராது, மேடம். நடுப்பகல் வெயிலில் எங்கள் லாபின் ஊர்ப்பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கண்ணைப் பறிக்கும். டிஜிட்டல் கேமராவில் எடுத்தால் கல் இருந்த இடத்தில் வெறும் வெளுப்புதான் மிஞ்சும். ஃபிலிமில் உளி பட்ட தழும்புகூடத் தங்கும். எனக்கும் ட்ராஜெனுக்கும் இருந்த தகராறு இவ்வளவுதான். நீங்கள் வேறு ஏதோ பெரிதாகத் தேடுகிறீர்கள்.

ட்ராஜென் என் தங்கை நெவென்காவின் கணவன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். நல்லவன். அதை நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய சுரங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் எங்கள் புகைப்பட மன்றம். அங்கே ஃபிலிம் கழுவும் இருட்டறை என் பொறுப்பு. ட்ராஜென் தலைவராக வந்தபோது அதைப் பூட்டிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். பூட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தான், சுவருக்கு வண்ணம் அடித்தான். “ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும் மச்சான். ஃபிலிம் ஒரு பக்கம், டிஜிட்டல் ஒரு பக்கம். யாரு யாரை அடிச்சா?” என்றான்.

அதன்பிறகு புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள். தாத்தா காலத்துக் கேமராவைக் கழுத்தில் நகைபோல மாட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கழுவிக்கொடுத்த ஃபிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, போனில் போட்டு, அதோடு மறந்தார்கள். ஃபிலிம் பிழைத்துக்கொண்டது என்று ட்ராஜென் பூரித்துப்போனான். இது பிழைப்பா, மேடம்? ஒருவன் என்மேல் கல் எறிந்தால் திருப்பி எறியலாம். நாற்காலி போட்டு மூலையில் உட்காரவைத்து, பெரியவருக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்றால் அவனை என்ன செய்வது?

போன இலையுதிர் காலத்தில் மன்றத்தில் ஒரு விருந்து. கீழே ரபாட்ஸ் துறைமுகத்தில் எடுத்த இரண்டு படங்களை ட்ராஜென் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினான். இரண்டிலும் அதே படகு, அதே மேகம். “எது ஃபிலிம்னு நம்ம லிவியோ சொல்லட்டும். அவரு கண்ணை யாரு ஏமாத்த முடியும்?” என்றான். நான் கிட்டே போய் நிதானமாகப் பார்த்தேன். இடது பக்கத்துப் படத்தைக் காட்டினேன்.

இடது பக்கத்தில் இருந்தது டிஜிட்டல். ஃபிலிமுக்கே உரிய மணல்போன்ற புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் தூவியிருக்கிறான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கை போட்டு, “அட விடு மச்சான், எனக்கே சில சமயம் குழம்பிடுது. அதைத்தானே சொல்ல வந்தேன், ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்லேன்னு” என்றான். மல்வாசியா ஒயினை ஒரு கிளாஸில் ஊற்றி என் கையில் கொடுத்தான். யாரோ கைதட்டினார்கள். நான் குடித்தேன். நல்ல ஒயின்.

அடுத்த வாரம் நானே அவனைக் கூப்பிட்டேன். “கல்குவாரிக்கு வா. மத்தியான வெயில்ல, அந்த வெள்ளைச் சுவரை வெச்சு நீ என்னை எடு, நான் உன்னை எடுக்கறேன். எதுல கல்லு தெரியுதுன்னு பார்த்துடுவோம்.”

“இன்னும் அதையே நினைச்சுட்டிருக்கியா? சரி வரேன். நான் ஜெயிச்சா நீ ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கணும்.”

“நீ ஜெயிச்சா பார்ப்போம்.”

ரொட்டியில் உப்பிட்ட பன்றி இறைச்சி வைத்து நெவென்கா இருவருக்கும் கட்டிக்கொடுத்திருந்தாள். குவாரியின் மேல்தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் பங்கில் பாதியை எனக்குத் தந்தான், டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று. பிறகு அவன் என்னை எடுத்தான். சிரிக்கச் சொன்னான், சிரித்தேன்.

என் முறை வந்தது. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி அவனை நிற்கச் சொன்னேன். அவனுக்குப் பின்னால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சுவர் முழுவதும் வெள்ளை.

“தொப்பை தெரியாம எடு மச்சான். உன் தங்கச்சி பார்த்தா வீட்ல சோறு கிடைக்காது.”

“கொஞ்சம் பின்னால போ.”

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம். என்னையே பாரு.”

“இப்போ?”

“ஒரே ஒரு அடி.”

அவன் என் லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் எடுப்பவன் சொல்கிற இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆயிரம் மணப்பெண்களுக்குச் சொன்னவன் அவன். நான் ஒரே ஒரு முறைதான் அழுத்தினேன்.

அன்று வந்த உங்கள் போலீஸ் ஆட்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ட்ராஜெனின் கேமரா அவனோடு விழுந்து நொறுங்கியிருந்தாலும், உள்ளே இருந்த கார்டு பிழைத்திருந்தது. அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு இளம் அதிகாரி என் கேமராவை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். திரை இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார்.

சவப்பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் ஃபிலிமைக் கழுவினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை, மேடம். கைகள் இரண்டும் விரிந்திருக்கின்றன, ஜாக்கெட் சிறகுபோல எழும்பியிருக்கிறது, காலுக்கு அடியில் எதுவும் இல்லை. முகம் திரும்பியிருப்பதால் ஆள் யாரென்று தெரியாது. பின்னால் கல். ஒவ்வொரு வரியும் தெரிந்தது. ஜெயித்தது நான்தான். ஆனால் அதை ஒப்புக்கொள்ள வேண்டியவன்தான் இல்லை.

அதனால்தான் வசந்தகாலக் கண்காட்சியில் மாட்டினேன். மறைக்க நினைப்பவன் மாட்டுவானா?

மன்றத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். படத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, “லிவியோவும் கடைசியில கம்ப்யூட்டருக்கு வந்துட்டாரு. ஆளை அருமையா வெட்டி ஒட்டியிருக்காரு” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். ஒரு பெண் எந்த மென்பொருள் என்று என்னிடமே கேட்டாள். மூன்று நாள் இதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த நாட்கள் எனக்கு எப்படிப் போயின என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

கடைசி நாள் நெவென்கா வந்தாள். படத்தைப் பார்த்தாள். என்னை இருட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“அண்ணா, அது அவரோட ஜாக்கெட். நான் தெச்ச பொத்தான்.”

நான் மேசைமேல் இருந்த தட்டுகளை அடுக்கினேன்.

“உன்கிட்ட இருந்த பழைய படம் எதையாவது வெச்சுக் கம்ப்யூட்டர்ல பண்ணியிருக்கே. அப்படித்தானே? துக்கத்துல உனக்குப் புத்தி பிசகிப்போச்சு. பரவாயில்ல. கழட்டி வெச்சுடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“கம்ப்யூட்டர்ல நான் எதையும் பண்ணதில்ல.”

“பண்ணினேன்னு சொல்லுண்ணா.” அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு தடவை சொல்லிடு. நான் நம்பிக்கறேன்.”

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அவளும் நிம்மதியாகப் போயிருப்பாள், நானும் உங்கள் முன் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் நான் செய்யாத ஒன்றைச் செய்ததாக எப்படிச் சொல்வது? நெகட்டிவை எடுத்து, விளக்கைப் போட்டு, அவள் கண்முன் தூக்கிப் பிடித்தேன். “நல்லாப் பாரு. வெட்டு இல்ல, ஒட்டு இல்ல. அப்படியே நடந்தது.”

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தாள். அழவில்லை. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. அவளுக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்பதை ஒருநாள் புரிந்துகொள்வாள்.

இப்போது அந்த நெகட்டிவ் பட்டையில் அதற்கு முந்தைய படத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அதே இடம்தான், ஆள் இல்லாமல். முந்தின நாள் போய் வெளிச்சம் பார்த்துவிட்டு வந்தேன். மனிதன் விழுகிற நேரத்துக்குள் யாராலும் ஃபோகஸ் செய்ய முடியாது, எல்லாம் முன்கூட்டியே சரிசெய்துவைக்க வேண்டும். அந்தப் படத்தில் விளிம்பை ஒட்டிச் சிவப்புத் துணி கட்டிய எச்சரிக்கைக் கயிறு ஓடுகிறது. அடுத்ததில் அது ஏன் இல்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவன் இடுப்புக்குக் குறுக்கே வந்து படத்தைக் கெடுத்திருக்கும். அதனால் அவிழ்த்துச் சுருட்டி என் காரில் வைத்துவிட்டேன். மற்றபடி ட்ராஜென் மேல் நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை, மேடம்.