ஒருவன் வண்டி நின்றால்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை ஐயா. உங்கள் நாட்டுக்குள் வந்ததிலிருந்து நான் குடித்ததில் சூடாக இருந்த முதல் தேநீர் இதுதான். நாற்காலியும் வசதி. இத்தனை நாள் பைக் சீட்டில் உட்கார்ந்து மரத்துப்போனவனுக்கு எந்த நாற்காலியும் வசதியாகத்தான் இருக்கும். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். மொழிபெயர்க்கும் அம்மாவுக்குச் சிரமம் இல்லாதபடி எளிமையாகவே எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர், மூன்று வண்டி. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். முன்னால் போகிறவன் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறான். வழி பார்ப்பது அவன் பொறுப்பு. நடுவில் மாப்பிள்ளை. நண்பனாக இருந்து, என் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனவன். கடைசியில் நான். உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன், கருவிப்பெட்டி என் வண்டியில்தான் இருக்கும், அதனால் ஸ்பேனர் என்று பெயர். கடைசியில் வருகிறவனுக்கு ஒரு லாபம் உண்டு. மற்ற இருவரும் எப்போதும் கண்ணெதிரே இருப்பார்கள்.

எங்களுக்கு இரண்டே விதி. ஒருவன் வண்டி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். பின்னாலிருந்து மூன்று முறை ஹார்ன் கேட்டால், என்ன ஏது என்று கேட்காமல் ஓரம் கட்ட வேண்டும். கல்லூரி நாளில் போட்ட விதி, இதுவரை யாரும் மீறியதில்லை. உங்கள் எல்லைச் சாவடியில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. வண்டி எண்ணை பாஸ்போர்ட்டில் குத்திக் கொடுத்தார்கள். வண்டியோடு வந்தவன் அதே வண்டியோடுதான் வெளியே போக முடியும் என்றார்கள்.

"என் பொண்டாட்டி கூட இவ்வளவு கண்டிப்பு இல்ல மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்தான்.

தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஒன்பதாம் மாதம் பிறப்பதற்குள் உன் புருஷனை வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் நான்தான். அப்போது மனதாரத்தான் சொன்னேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மலைக்குக் கீழே இருக்கும் அந்தச் சிறிய ஊரில் வாத்தியாரின் கிளட்ச் பிளேட் தீய்ந்துபோனது. அது தானாக நடந்தது, அதில் என் கை எதுவும் இல்லை. புதிய பிளேட் வரும்வரை லாட்ஜில் தங்கினோம். நீங்கள் அந்த அறையைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கட்டில், நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்கலாம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் ஈரம் ஒட்டும். கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்தும். மாப்பிள்ளை அதை ஜெயில் என்றான். எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. சீட்டாடினோம், ஒருவர் குறட்டையை ஒருவர் கேலி செய்தோம், பழைய கதைகளை முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டோம்.

அங்கேதான் மாப்பிள்ளை சொன்னான், குழந்தை பிறந்ததும் வண்டியை விற்றுவிடப் போவதாக. வாத்தியாரும் தன் பங்குக்கு, மகன் இருக்கும் ஊருக்கே குடும்பத்தோடு போய்விடப் போகிறேன் என்றான்.

"அப்போ இதுதான் கடைசி ட்ரிப்பு. ஸ்பேனர், பெட்டியைப் பூட்டி பரண்ல போட்டுடு" என்றான்.

இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் வீடு கடைக்கு மேலே ஒற்றை அறை. ஷட்டரை இழுத்துவிட்டு மேலே போனால், காலையில் ஷட்டரைத் தூக்கும்வரை பேச ஆள் கிடையாது. தங்கை கல்யாணமாகிப் போனபிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டுமே. பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

கிளட்ச் பிளேட் வந்தது, மாட்டினேன். கிளம்புகிற அன்று காலையில் மாப்பிள்ளையின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. எஞ்சினுக்குப் பொறி தரும் காயிலுக்குப் போகும் ஒயரை, மேல்தோல் கிழியாமல் உள்ளுக்குள் மட்டும் ஒடித்துவைத்திருந்தேன். ஒயரைத் திருப்பித் திருப்பி மடக்கினால் போதும், பார்வைக்கு எதுவும் தெரியாது. ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் முடிந்ததும் இன்னொரு நாளும் இருக்கலாமே என்று தோன்றியது. தினமும் காலையில் லாட்ஜின் வண்டி ஷெட்டுக்குப் போய், வண்டியைப் பிரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவேன். அவர்கள் என்னை நம்பினார்கள். இருபது வருடமாக நம்புகிறவர்கள்.

மாப்பிள்ளை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தான். நடக்க இடமில்லாத அறையில் அது பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. வண்டியை விட்டுவிட்டு விமானத்தில் போகிறேன் என்று உங்கள் அலுவலகத்துக்கும் போய்க் கேட்டான். வண்டி இல்லாமல் ஆள் வெளியேற முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு உங்கள் சட்டத்தின் மேல் மிகுந்த மரியாதை ஏற்பட்டது.

மாப்பிள்ளையின் போன், வரும் வழியில் ஓர் ஓடையைக் கடக்கும்போதே தண்ணீரில் விழுந்துவிட்டது. வாத்தியாரின் போனுக்கு இங்கே இணைப்பு கிடையாது. இங்கே வாங்கிய சிம் என் போனில் இருந்த ஒன்றுதான். ஒரு மதியம் அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, நாள் இருக்கும்போதே வலி வர்ற மாதிரி இருக்கு. டாக்டர் அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்க. அவரை எப்படியாவது அனுப்பி வச்சிடுண்ணா. எனக்குப் பயமா இருக்கு."

"கெளம்பிட்டார்மா. வழியில இருக்கார். நீ தைரியமா இரு" என்றேன்.

பிறகு சிம்மைக் கழற்றி, அது கெட்டுவிட்டது என்று இருவரிடமும் சொன்னேன். என் தங்கையை நான் தூக்கி வளர்த்தவன் ஐயா. அவளைப் பதற விடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

மறுநாள் குளியலறைக்குள் சிம்மைப் போட்டுப் பார்த்தேன். பெண் குழந்தை, இருவரும் நலம், அவரிடம் சொல் என்று செய்தி வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். வெளியே வந்து சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நன்றாக யோசித்தால், குழந்தை பிறந்தாகிவிட்டது, தாயும் நலம், இனி என்ன அவசரம். சிம்மைத் திரும்பக் கழற்றிவிட்டு வந்தேன்.

நான் குளியலறையில் இருந்த நேரத்தில் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்திருந்தான். தெருமுனை மெக்கானிக்கைக் கையைப் பிடித்து அழைத்துவந்திருந்தான். அந்த ஆள் ஒயரை விரலால் நீவிப் பார்த்து, ஒடிந்த இடத்தை வெட்டி ஒட்டிவிட்டுப் போய்விட்டான். நான் ஷெட்டுக்குப் போனபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"இது உனக்குத் தெரியலையா மச்சான்?"

"வயசாகுது மாப்ளே. கண்ணு மங்கிடுச்சு."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. பிறகு என் தோளைத் தட்டினான். "விடு. நாளைக்கு விடிஞ்சதும் கெளம்பறோம். அவ முகத்தைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றான்.

அன்று சாயங்காலம் இருவரும் பெட்ரோல் கேன் வாங்கப் போனபோது ஷெட்டில் என் வேலையை முடித்தேன். செயினின் இரண்டு முனைகளையும் சேர்ப்பது செயின் லாக். அதன்மேல் நக அளவுக்கு ஒரு கிளிப் இருக்கும். அதை எடுத்துவிட்டால் லாக் உடனே கழலாது, ஓட ஓட நகரும். லாட்ஜ் வாசல் மேட்டிலேயே கழன்றுவிடும், தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம், செயினுக்குச் சொல்லியனுப்பினால் ஒரு வாரமாவது ஆகும் என்பது என் கணக்கு.

மேட்டில் கழலவில்லை. கடைத்தெருவிலும் கழலவில்லை. மலை ஏறினோம். வாத்தியார் முன்னால், மாப்பிள்ளை நடுவில், நான் கடைசியில். மாப்பிள்ளை பாடிக்கொண்டே போனான், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அரைகுறையாகக் கேட்டது. உச்சிக்கு வந்தபோது செயின் தொய்ந்து ஆடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண் மங்கிவிட்டது என்று அவனிடம் சொன்னது பொய். லாக்கின் ஒரு பக்கத் தகடு விழுந்துவிட்டது. இனி இறக்கம், ஒரு பக்கம் தடுப்பு கிடையாது. ஓடும்போது செயின் அறுந்து பின்சக்கரத்தில் சுற்றினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதை நான் என் கடைக்கு வருகிறவர்களுக்கே எத்தனையோ தடவை சொல்லி எச்சரித்திருக்கிறேன்.

விபத்துக்குப் பிறகு வாத்தியார் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அதே கேள்வியை உங்களிடமும் சொல்லியிருக்கிறான் என்று தெரிகிறது.

"பின்னாடியே வந்தியே ஸ்பேனர். நீ ஏன் ஹார்ன் அடிக்கல?"

கட்டைவிரல் பொத்தானின்மேல்தான் இருந்தது. அமுக்கியிருந்தால் நின்றிருப்பான், விதியை மீறாதவன். நின்றால் குனிந்து செயினைப் பார்ப்பான். கிளிப் இல்லாததைப் பார்ப்பான். பிறகு என்னை நிமிர்ந்து பார்ப்பான். அந்தப் பார்வையோடு அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. மூன்று வளைவு வரை யோசித்தேன். நான்காவதில் செயின் அறுந்து, அவன் பள்ளத்துக்குள் போய்விட்டான். ஆகவே, செயின் லாக்கின் கிளிப்பைக் கழற்றியதும் நான்தான், தெரிந்தே ஹார்ன் அடிக்காமல் விட்டதும் நான்தான். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். வாத்தியார் ஊருக்குப் போக அனுமதி கேட்டிருப்பதாக மொழிபெயர்க்கும் அம்மா சொன்னார்கள். அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். மாப்பிள்ளையின் வண்டி இன்னும் உங்கள் நாட்டுக்குள்தான் கிடக்கிறது. ஒருவன் வண்டி நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். அந்த லாட்ஜ் அறையை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.