கத்தி இறங்கும் நேரம்

இயந்திரங்களை இயக்குகிற மைக்ரோகண்ட்ரோலர் என்கிற குட்டிச் சிப்புக்கு எல்லா நேரமும் அவசரம் தேவையில்லை, ஐயா. விளக்கை மினுக்குவதற்கும் அடுப்பின் சூட்டைக் காட்டுவதற்கும் எழுதுகிற புரோகிராம் ஆடி அசைந்து வந்தாலும் குடி முழுகிவிடாது. ஒன்றிரண்டு இடங்களில்தான் கண்ணிமைக்கும் நேரமும் கணக்கு. அந்த இடம் எது என்று தெரிந்தவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு. என் தங்கை புருஷனுக்கு, அதாவது என் மாப்பிள்ளைக்கு, அது கடைசிவரை தெரியவில்லை.

காகிதக் கட்டுகளை வெட்டும் இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை. கத்தி இறங்கும் வழியில் ஓர் ஒளிக்கற்றை குறுக்கே ஓடும். கை அதை மறைத்தால் கத்தி அந்தக் கணமே நிற்க வேண்டும். மாப்பிள்ளையை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். வருஷம் திரும்புவதற்குள் அவர் எனக்கு மேலதிகாரி. நுனிப்புல் மேய்கிறவர்களுக்குத்தான் காலம்.

ஒளி மறைந்தால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சிப் ஓடிவந்து கத்தியை நிறுத்தும்படி எழுதியிருந்தேன். அவர் அதை அழித்தார். எல்லா வேலையையும் வரிசையாகச் செய்யட்டும், முறை வரும்போது ஒளியையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

"இப்ப வர்ற சிப்பெல்லாம் பறக்குது மச்சான். நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க." எல்லோர் முன்னாலும் சொன்னார். கணக்கு எழுதுகிற அம்மாகூடச் சிரித்தார்.

எனக்கு எரிந்தது. ஆனால் நான் சண்டை போடவில்லை. கத்தி இறங்கும்போது இயந்திரத்தின் சின்னத் திரையில் கம்பெனிப் பெயர் மெல்ல ஊர்ந்து போனால் பார்க்க அழகாக இருக்குமே என்று மட்டும் சொன்னேன்.

"சூப்பர் மச்சான், நீங்களே எழுதிடுங்க," என்றார்.

எழுதினேன். பெயர் ஊர்ந்து முடியும்வரை சிப் வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காது. அவர் போட்ட வரிசையில் ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது. ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். படிக்கிற பொறுமை இருந்தால் அவர் ஏன் அதிகாரி ஆகிறார்?

வாடிக்கையாளர்களுக்கு இயக்கிக் காட்டும் நாளன்று, காலையிலேயே போய் ஓர் அட்டைக் குழாயைக் கத்திக்கு அடியில் நீட்டிப் பார்த்தேன். இரண்டாகிவிட்டது. துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அவர்கள் வந்ததும் மாப்பிள்ளை ஒரு மரக்கட்டையை எடுத்தார். நான் பக்கத்தில் போனேன்.

"கட்டையை வெச்சுக் காட்டினா யாரு நம்புவாங்க மாப்ளே? உங்க கையையே வெச்சுக் காட்டுங்க."

அந்த மனுஷனுக்கு அது போதும். சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, சிரித்தபடி வலக்கையை நீட்டினார். கம்பெனிப் பெயர் தடங்கலில்லாமல் ஊர்ந்தது. கையை ஒட்டவைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை கேட்டாள்.

"அண்ணே, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"பின்ன ஏன் சொல்லலை?"

"அவர் என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவருக்குச் சாப்பாடு ஊட்டும் நேரம். இனிமேலாவது அவள் அருமை அவருக்குத் தெரியும். அண்ணனாக நான் செய்த நல்லதை, கோபம் ஆறியதும் அவளே வந்து சொல்வாள்.