பனிமலையில் போட்ட துண்டு

...அறுப்பின் பண்டிகைன்னு காலையில இருந்து நன்றி நன்றின்னு பாடிட்டோம். இப்போ ஒரு சின்னச் சம்பவம் சொல்லுதேன், கேளுங்க. சின்னதுதான்... அசனச் சாப்பாடு ஆறிடும்னு யாரும் நெளிய வேண்டாம்.

என் சகலை ஞானதுரை. பேய்க்குளத்துல உரக்கடை வச்சிருக்கார். தங்கமான மனுஷன், கோபம் மட்டும் மூக்கு நுனியில நிக்கும். ஏன் சிரிக்கிறீங்க... உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரா?

அவர் மக ஷர்லினுக்கு சிலி தேசத்துல வேலை. தென் அமெரிக்காவுல, பூமிக்கு அந்தப் பக்கம். போன ஜூலையில அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டா. நமக்கு ஜூலைன்னா காத்து மண்ணை வாரி இறைக்கும். அங்க பனிக்காலம். பள்ளிக்கூடத்துக்கும் லீவு. ஊர்ச்சனம் பூரா பனிச்சறுக்கு விளையாட மலைமேல ஏறி நிக்குது. அந்தக் கூட்டத்துல நம்ம ஞானதுரை... உடம்புல மூணு ஸ்வெட்டர், அதுக்கு மேல ஜாக்கெட், அதுக்கும் மேல தோள்ல சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு. துண்டு இல்லாம அவர் சர்ச்சுக்கே வர மாட்டார், சிலிக்குப் போவாரா?

மக டிக்கெட் வரிசையில போய் நின்னுட்டா. இங்க அவர் சம்சாரம் ஜெபசெல்விக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. பத்தாயிரம் அடி உயரம், சும்மாவா? "அத்தான், தலை சுத்துது. எங்கயாவது உட்காரணும்"னு வெளியே, கேன்டீனுக்கு ரொம்பத் தள்ளி ஒரு படிக்கட்டுல சாய்ஞ்சுட்டாங்க. உட்கார்ந்த இடமோ வெறும் பனி.

இவர் பதறிப்போய் கேன்டீனுக்குள்ள ஓடினார். உள்ள கால் வைக்க இடமில்லை. ஆனா பாருங்க... ஜன்னலோரம் ஒரு மேஜை, அப்போதான் சாப்பிட்டு எழும்புறாங்க. ஞானதுரை என்ன செஞ்சார்?

துண்டைப் போட்டார்!

நமக்குத் தெரியும்ல. பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டா அந்த சீட்டு யாருக்கு? நமக்கு. இந்தா, வெளியே பந்தல்ல எத்தனை துண்டு, எத்தனை கைக்குட்டைன்னு நான் பார்த்துட்டுத்தான் வந்தேன். ஆனா சிலிக்காரனுக்கு அது தெரியுமா?

பெஞ்சு நீளத்துக்கும் துண்டை விரிச்சுட்டு, சம்சாரத்தைத் தாங்கிக் கூட்டிட்டு வந்தார். வழுக்குற பனியில, அந்த நெரிசல்ல, அரைமணி நேரம் ஆயிட்டு. வந்து பார்த்தா... மேஜையில ஒரு அம்மாவும் நாலு பிள்ளைகளும் உட்கார்ந்து சூப் குடிச்சிட்டிருக்காங்க. துண்டைக் காணோம்.

வந்துச்சே கோபம்! "இது என் இடம். நான் துண்டு போட்டிருந்தேன். எங்க என் துண்டு?" எந்த பாஷையில? நம்ம பேய்க்குளம் பாஷையிலதான். அந்த அம்மாவுக்கு என்ன புரியும்... அது சிரிச்ச முகமா வாசலைக் கைகாட்டி, ரெண்டு விரலால நடந்து போற மாதிரி காட்டுது. இவர் எப்படி எடுத்துக்கிட்டார்? "பார்த்தியா ஜெபா, என் துண்டை வெளியே தூக்கி எறிஞ்சுட்டு, என்னையும் வெளியே போகச் சொல்லுதா. திருட்டுக் கும்பல்!"

"அத்தான்... எனக்குக் கண்ணை இருட்டுது."

அவ்வளவுதான், ஜெபசெல்வி சரிஞ்சுட்டாங்க. அந்த அம்மா ஒரே எட்டு. பிள்ளைகள் நாலும் எழும்பி இடம் விட்டுச்சு. தலையை மடியில தாங்கி, ஷூவைக் கழட்டி, உள்ளங்காலைத் தேய்ச்சு, சூடா ஏதோ மூலிகைத் தண்ணியை வாய் வாயா ஊட்டுது. கால் மணி நேரத்துல முகத்துல ரத்த ஓட்டம் வந்துச்சு. ஞானதுரை அப்போதான் மூச்சு விட்டார். விட்டுட்டு மேஜையைப் பார்க்கார்... ஒரு கிண்ணம் சூப் மட்டும் யாரும் தொடாம, மேலே தட்டு போட்டு மூடி வச்சிருக்கு. யாருக்கு அது?

அந்நேரம் மக ஷர்லின் உள்ள வாறா. கூடவே ஆஜானுபாகுவா ஒரு ஆள். குளிர்ல முகம் கன்றிச் சிவந்து, மூக்கு ஒழுகுது. கையில பனிச்சறுக்குக் கம்பு. கம்பு நுனியில... சிவப்புக் கரைத் துண்டு.

"அப்பா, இது உங்க துண்டுதானே? இவர் அரைமணி நேரமா இதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரிசையா யாருது யாருதுன்னு கேட்டுட்டு அலையுறார். யாரோ கழுத்துத் துணியை மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க, இந்தக் குளிர்ல பாவம் என்ன பாடு படுவாங்களோ, முதல்ல கொண்டு குடுத்துட்டு வந்து சாப்பிடுதேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போனாராம்."

அந்த மூடி வச்ச சூப் அவரோடது. ஆறிப்போய் ஏடு கட்டிடுச்சு.

நான் கேட்டேன், "சகலை, அப்போ என்ன சொன்னீங்க?" "என்னத்தைச் சொல்ல ஓய்... துண்டை வாங்கி அவர் கழுத்துலயே போட்டுட்டு, ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்"னார். உரக்கடையில கடன்காரனை அழவைக்கிற மனுஷன்!

அன்பானவர்களே... இதுல நாம யாரு? எண்ணிப் பாருங்க. இவர் உள்ள நின்னு திருட்டுக் கும்பல்னு ஏசின அந்த நேரத்துல, அந்த ஆள் வெளியே பனியில இவரைத் தேடி அலைஞ்சிட்டிருந்தார். இவர் ஏசினது அவர் காதுல விழலை. அவர் பட்ட பாடு இவர் கண்ணுல படலை.

சித்திரையில ரெண்டு நாள் குழாயில தண்ணி வரலைன்னு பம்ப் ஆபரேட்டர் தாசனை நாம என்னெல்லாம் சொன்னோம்... நானும்தான் சொன்னேன், மறைக்கலை. அந்த ரெண்டு நாளும் அவன் சேர்மாதேவி ரோட்டுல இடுப்பளவு குழிக்குள்ள நின்னு உடைஞ்ச குழாயை ஒட்டிட்டிருந்தான். நமக்குத் தெரியுமா? கேட்டோமா?

கண்ணால பார்த்த நன்மைக்கு எல்லாரும் நன்றி சொல்லுதோம். காணிக்கைத் தட்டுல போட்டாச்சு, பாட்டும் பாடியாச்சு. நான் கேக்கறது வேற. இந்த வருஷம் நாம வாய்க்கு வந்தபடி ஏசினவங்கள்ல, நமக்காகவே எங்கேயோ அலைஞ்சுக்கிட்டிருந்தவங்க எத்தனை பேர்? ஒருத்தர் முகமாவது ஞாபகத்துக்கு வருதா?

தாசன் அந்தக் கடைசித் தூண் பக்கத்துலதான் நிக்கான். ஆராதனை முடிஞ்சதும் நான் முதல்ல அவன்கிட்டதான் போறேன். உங்களுக்கு யார் முகம் வந்துச்சோ... நீங்க அவங்ககிட்டப் போங்க.